கரட்டுக்குத் திரும்பி வந்த சிறுத்தை

786

பேகம்பூர், திண்டுக்கல்

அன்பு மகள் டாக்டர் சபிஹாவுக்கு உன் அத்தா சௌகத் அலி எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், உன் அம்மா, உன் அண்ணன் அல் அமீன், அவன் வீட்டார் எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் நடமாட்டமாக இருக்கிறோம். அந்தக் காட்டுக்கு நடுவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எங்கள் சுகம் முழுசாகும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். உன் கேம்பில் டவர் கிடைப்பதே செத்த நேரம், அதையும் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், எனக்கு மிஞ்சுவது நல்லா இருக்கியா நல்லா இருக்கேன் என்பது மட்டும்தான். அல் அமீன் வேறு நடந்த ஒரு விஷயத்தை உனக்கு அரைகுறையாகச் சொல்லி வைத்திருக்கிறான். அதை நானே உட்கார்ந்து முழுசாக எழுதிவிடலாம் என்றுதான் பேப்பரை எடுத்தேன். அம்மா கொடுத்துவிடும் பார்சலுக்குள்ளேயே இதையும் வைக்கிறேன்.

முதலில் வீட்டுச் சங்கதி. அம்மாவுக்கு முழங்கால் வலி விட்ட பாடில்லை. தரையில் உட்காராதே என்று டாக்டர் சொன்னார், இவள் நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தால் வெஞ்சனம் ருசிக்காது என்கிறாள். நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள். வத்தலக்குண்டிலிருந்து உன்னைக் கேட்டு ஒரு நல்ல குடும்பம் வந்தது, பையன் மருந்துக் கம்பெனியில் இருக்கிறான். எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது பையனின் அம்மா, பொண்ணு கல்யாணத்துக்குப் பிறகும் புலிக்குத்தான் ஊசி போடுமா, இல்லை ஆடு மாட்டுக்கு மாறிக்குமா என்று கேட்டார். உன் அம்மா டக்கென்று, புலிக்கு ஊசி போடுறவ மாமியாருக்கும் நல்லாப் போடுவா என்று சொல்லிவிட்டாள். அதோடு அவர்கள் போனவர்கள்தான். நீ ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளாதே, உன் விருப்பம் தெரியாமல் நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கமாட்டேன். நோன்பு நெருங்கிவிட்டதால் ஆட்டு யாவாரம் சூடாக இருக்கிறது. அல் அமீன் பிரியாணிக் கடைகளுக்குக் கறி கொடுப்பதில் ஓடுகிறான், நான் வழக்கம்போல நம் குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆடு பிடித்து வருகிறேன்.

ரெட்டியார்சத்திரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் கரட்டுப்பட்டி என்று ஒரு ஊர், அங்கே இருக்கிற ராமரை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ வெட்னரி காலேஜுக்குப் புறப்பட்ட அன்றைக்கு ஒரு சாக்கு நிறைய அவரைக்காய் கொண்டுவந்து நம் வீட்டு வாசலில் கொட்டிவிட்டு, புள்ளைக்குக் குடுத்துவிடுங்க பாய் என்றவன். கொஞ்சம் காய்கறி வெள்ளாமை, மற்றபடி ஆடுதான் அவனுக்கு எல்லாம். அவன் பெண்டாட்டி ஜக்கம்மாள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடும். அந்த ஊரில் ஐப்பசி மழையின்போது ஒரு பெண் சிறுத்தை தென்னந்தோப்புக் கிணற்றில் விழுந்துவிட்டது. வனத்துறையார் வந்து கூண்டை இறக்கி மேலே தூக்கி, வைத்தியம் பார்க்க எங்கோ கொண்டுபோனார்கள். சனியன் விட்டது என்று ஊரே நிம்மதியாக இருந்தது. மார்கழியில் மறுபடி வந்து ஊரைக் கூட்டி, சிறுத்தை தேறிவிட்டது, கழுத்தில் ரேடியோப் பட்டை மாட்டி ஊருக்குப் பின்னால் இருக்கிற இதே பாறைக் கரட்டில் திரும்பக் கொண்டுவந்து விடப்போகிறோம், வேறு மலையில் விட்டால் அது பழகின இடத்தைத் தேடி ஊருக்குள்ளும் ரோட்டிலும் நடந்து வரும், அது இதைவிட ஆபத்து என்று விளக்கினார்கள்.

அன்றைக்கு ஆடு பார்க்கப் போயிருந்த நானும் ஊர்கூடும் மந்தைத் திடலில் ஓரமாக நின்றேன். சபிஹா, நீ உன் வேலையைப் பற்றிச் சொல்லும்போது புலியே இல்லாமல் போன காட்டில் வெளியிலிருந்து புலியைக் கொண்டுவந்து விடுகிறோம், அதற்கு முன் சுற்றுப்பட்டு ஊர்களில் கூட்டம் போட்டு மக்களிடம் பேசுகிறோம் என்று லேசாகச் சொல்லிவிடுவாய். கூட்டம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். விளக்கம் சொல்ல நின்றது ஆனந்தமேரி என்று ஒரு வனக்காப்பாளர் பெண், உன் வயதுதான் இருக்கும், நம் திண்டுக்கல் பிள்ளை. ஆளாளுக்குக் கத்தினார்கள். நம்ம ராமர் எழுந்து, ஒங்க வீட்டுக் கொல்லையில விட்டுக்குவீகளா மேடம், எங்க தலையில மட்டும் எதுக்குக் கொண்டாந்து எறக்குறீக என்று கேட்டான். அந்தப் பெண், எங்க கொல்லையில அது இருந்ததில்லண்ணே, இந்தக் கரட்டுலதான் பிறந்து வளந்திருக்கு என்றது. அதைக் கேட்டதும் கூச்சல் இன்னும் கூடியது. கூட்டம் கலைந்தபின் அந்தப் பெண் தன் ஸ்கூட்டர் பக்கத்தில் தனியாக நின்று காலிப் பாட்டிலைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை வீடு இருக்கிற ஊரில் ஒருவர் தண்ணீர் தரவில்லை. நான் வண்டியிலிருந்த என் கேனைக் கொடுத்தேன். முன்பின் தெரியாத ஊர்களில் நீ எப்படி நிற்கிறாயோ என்று வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்தேன். மறுவாரம் சிறுத்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

பொங்கல் வரைக்கும் ஒரு சத்தமும் இல்லை. தை மாதம் நடுவில் ஒரு காலை நான் நோன்புக்குப் பேசி வைத்திருந்த ஆடுகளை ஏற்றிவரப் போனேன். ராமரின் பட்டியில் ஒரு பக்க முள்வேலி சரிந்து கிடந்தது, ஆடுகள் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன. ஒரு சினையாட்டைச் சிறுத்தை இழுத்துப் போயிருக்கிறது, பாதியைத் தின்றுவிட்டு மீதியை ஓடைப் புதருக்குள் போட்டுவிட்டது. ஜக்கம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணே, அவரு செடிக்குப் போடுற குருணைப் பூச்சிமருந்த எடுத்துக்கிட்டு ஓடைப் பக்கம் போயிருக்காரு, கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு, நீங்க சொன்னா கேப்பாரு, செத்த போய்ப் பாருங்கண்ணே என்று அழுதது. நான் ஓடினேன் என்று சொல்ல முடியாது, என் உடம்புக்கு எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாகப் போனேன்.

ராமர் ஓடைக் கரையில் ஒரு பாறை மேல் குந்தியிருந்தான். மருந்தை அந்த மிச்ச ஆட்டில் ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தான். காலி டப்பா பக்கத்தில் கிடந்தது. சிறுத்தை தின்றதை முடிக்கத் திரும்ப வரும் என்று அவனுக்குத் தெரியும். என்னடா இது வேலை என்றேன். அவன் என்னைப் பார்க்காமலே, பாய், நீங்க ஆட்டை ஏத்திக்கிட்டுப் போங்க, இதுல தலையிடாதீக என்றான். இது கேஸாகும், ஜெயிலுக்குப் போவாய், ஜக்கம்மாள் என்ன செய்யும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவன் திரும்பினான். அவன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. ஒங்க புள்ள அங்கிட்டு ஊருக்குள்ள புலியை அவுத்து விடுது, நீங்க இங்கிட்டு எனக்குப் புத்தி சொல்ல வந்தீகளாக்கும் என்றான். நான் அதே பாறையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆமாடா, என் புள்ளதான், அவளை நான் எந்தக் காசுல படிக்க வச்சேன், ஒன் பட்டியில ஆடு வாங்கி வித்துத்தான படிக்க வச்சேன், அவ டாக்டரானதுல ஒன் ஆட்டுக்கும் பங்கு இருக்கு, அதனால அவளைத் திட்டுறதுக்கு ஒனக்கு உரிமை இருக்கு, திட்டு, நான் கேட்டுக்கிறேன் என்றேன். அவன் திட்டவில்லை. சினையாடு பாய், ரெட்டைக் குட்டி, நேத்துதான் வயித்தத் தடவிப் பாத்தேன் என்று சொல்லிவிட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

சரி, கோபம் இறங்குகிறது, இனி அவனே எழுந்து அதை எடுத்துப் புதைத்துவிடுவான் என்றுதான் நான் நினைத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் அவனுடைய நாய் செவலை பின்னாலேயே வந்திருந்தது தெரியவில்லை. புதருக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உதறுகிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால் நாய் காலை விறைத்துக்கொண்டு வாயில் நுரை தள்ளிக் கிடந்தது. ராமர் அதை அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்கு ஓடினான். நான் வண்டியை எடுத்துக்கொண்டே உனக்கு விடாமல் போன் அடித்தேன். சாயங்காலம் நீ அதைப் பார்த்துப் பதறிக் கூப்பிட்டபோது கை தவறிப் பட்டுவிட்டது என்றேனே, அந்த நாள்தான் அது. நாய்க்கு என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்கத்தான் அடித்தேன், லைன் கிடைக்கவில்லை. ரெட்டியார்சத்திரம் கால்நடை ஆஸ்பத்திரி வாசலுக்கு வண்டி போகும்போது செவலை அடங்கிவிட்டது. ராமர் இறங்கவே இல்லை. மடியில் அதை வைத்துக்கொண்டு, ஏலே செவலை, ஏலே, ஏலே என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். குட்டியிலிருந்து அவன் தட்டில் சோறு தின்று வளர்ந்த நாய், ராத்திரி சிறுத்தை வந்தபோதும் குலைத்து ஊரை எழுப்பியது அதுதான்.

 ஊருக்கு வந்ததும் அவனே மண்வெட்டியை எடுத்தான். நாயை வேப்பமரத்தடியில் அடக்கம் செய்துவிட்டு, ஓடைக்குப் போய் அந்த ஆட்டை எடுக்கலாம் என்று பார்த்தால் ஒரு பின்னங்கால் சப்பையைக் காணவில்லை. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில் சிறுத்தைதான் வந்து எடுத்துப் போயிற்றோ, இல்லை வேறு நாய் நரி இழுத்ததோ தெரியவில்லை. மத்தியானம் பிள்ளைகள் ஆடு ஓட்டிக்கொண்டு வரும் வழி அது. நான், ஆனந்தமேரிக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்றேன். ராமர், சொல்லிருவீக, ஜெயிலுக்குப் போறது நானுதான பாய் என்றான். நான் சொல்லமாட்டேன், நீயே சொல்லு, நீ எங்க போனாலும் நான் கூட வாரேன், இன்னும் ஒரு நாயி அதத் தின்னா என்னடா செய்வே என்று போனை அவன் கையில் கொடுத்தேன். கூட்டத்தன்று அந்தப் பெண் கொடுத்துவிட்டுப் போன நம்பரை அவனே அழுத்தினான். அப்புறம், மேடம், நான் கரட்டுப்பட்டி ராமர் பேசுறேன், ஒரு தப்பு பண்ணிட்டேன், வெரசா வாங்க என்றான்.

அந்தப் பெண் ஸ்கூட்டரில் ஒற்றையாக வந்து இறங்கியது. நான் நினைத்தேன், முதலில் சிறுத்தையைப் பற்றித்தான் கேட்கும் என்று. அது கேட்கவில்லை. நாயை எங்கண்ணே வச்சிருக்கீங்க என்று கேட்டு, வேப்பமரத்தடிக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் நின்றது. அதைப் பார்த்ததும் ஜக்கம்மாள் உள்ளே போய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தது. அதன்பிறகு எல்லோரும் கையுறை மாட்டிக்கொண்டு மிச்சத்தை ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தோம், காணாமல் போன காலைத் தேடினோம். ஆனந்தமேரி ஒரு ஏரியல் மாதிரிக் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரட்டில் ஏற, அதன் பையை ராமர் சுமந்துகொண்டு பின்னால் போனான். கழுத்துப் பட்டையிலிருந்து டிக் டிக்கென்று சத்தம் வரும், சிறுத்தை அசையாமல் ரொம்ப நேரம் கிடந்தால் அந்தச் சத்தம் வேகமாக மாறிவிடும் என்று சொன்னது. உனக்கு இதெல்லாம் தெரிந்ததுதான், எனக்குத்தான் புதுசு. நான் அடிவாரத்தில் நின்று, யா அல்லாஹ், ஒரு வாயில்லா ஜீவன் போனது போதும் என்று துஆ செய்தேன். சிறுத்தைக்காக நான் கையேந்துவேன் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

முதலில் சத்தமே கிடைக்கவில்லை. பிறகு பாறை இடுக்குப் பக்கமிருந்து வேகம் கூடாமல் நிதானமாகக் கேட்டது, ஆனந்தமேரி மேலிருந்து கையை ஆட்டி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னது. வெயில் சாய்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்து, நடமாடுது, நல்லா இருக்கு என்று இறங்கி வந்தது. வரும் வழியில் ராமர்தான் கண்டுபிடித்தான், அந்தச் சப்பை ஒரு கிளுவை வேலிக்கடியில் மண் ஒட்டிக் கிடந்தது. ஏதோ இழுத்துப் பார்த்துவிட்டு, வாடை பிடிக்காமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதையும் புதைத்தோம். இனிமேல் எதுவும் இல்லை என்றதும் ராமர் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதிவிட ஆசைதான், ஆனால் உள்ளது உள்ளபடி சொல்லவேண்டும். ஆனந்தமேரி எதையும் மறைக்கவில்லை, மேலே சொல்லியாக வேண்டும் என்றது, அதிகாரி வந்து விசாரித்தார், ராமர் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். வழக்காகுமா, எச்சரித்து விடுவார்களா என்று இன்னும் தெரியவில்லை. அவனே போன் செய்து சொன்னதை அந்தப் பெண் அறிக்கையில் அழுத்தி எழுதியிருக்கிறதாம். ஆட்டுக்கு நஷ்டஈடும் அதுதான் கூடவே நின்று மனு போட வைத்தது. அல் அமீன் ஆள் அனுப்பி, பட்டிக்கு மேலேயும் கம்பி வலை போட்டு இரும்புக் கதவு வைத்துக் கொடுத்திருக்கிறான். அதைப் பார்த்து மற்றவர்களும் வனத்துறையிடம் வலை கேட்டிருக்கிறார்கள், வரும் வரும் என்கிறார்கள். ராமர் மனசு மாறிவிட்டதா என்று கேட்டால், இல்லை. அது செத்திருந்தா இன்னிக்கும் எனக்குச் சந்தோஷந்தான் பாய், ஆனா என் கையால வேணாம் என்றுதான் சொன்னான். அவ்வளவுதான் அவனால் முடியும், அதுவே பெரிசு என்று எனக்குப் படுகிறது.

இதை எல்லாம் உனக்கு எழுதுவது பயமுறுத்த இல்லையம்மா. நீ இருக்கிற பக்கத்திலும் ஒரு ராமர் இருப்பான், அவன் கையிலும் ஒரு டப்பா இருக்கும். அவன் கெட்டவன் இல்லை, அதை மட்டும் மறந்துவிடாதே. மாடு செத்த வீட்டுக்குப் பேப்பர் பேனாவோடு மறுநாள் போகாதே, அன்றைக்கே வெறுங்கையோடு போய் உட்கார். செத்த மாட்டின் பெயரைக் கேள். தண்ணீர் அவர்களாகத் தராவிட்டால் நீயே கேட்டு வாங்கிக் குடி, தண்ணீர் கொடுத்த வீட்டாருக்கு உன்னிடம் பேசுவது சுலபமாகிவிடும். தனியாக ஊருக்குள் போகவேண்டி வந்தால் உன் கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிவிட்டுப் போ. நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒன்று மட்டும் உன் அம்மாவுக்குச் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். போன வாரம் பஜர் தொழுதுவிட்டுக் கிளம்பி, மலைப் பக்கத்து ஊர் ஒன்றில் ஆடு பார்த்துவிட்டு ராமரோடு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல வெளிச்சம் வந்துவிட்டது. பின்னால் இருந்த ஆடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் கத்துவதை நிறுத்தின. நிமிர்ந்து பார்த்தால் தடுப்பணைச் சுவர் மேல் அது நடந்து போகிறது, கழுத்தில் பட்டை. எனக்குக் கால் பிரேக்கின் மேலேயே ஒட்டிக்கொண்டது. அது நின்று எங்கள் பக்கம் பார்த்தது. பயந்தேன், அதை மறைக்கவில்லை, கலிமா சொன்னேன். ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. நீ ஏன் அங்கே போய்க் கிடக்கிறாய் என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் விளங்கியது மாதிரி இருந்தது. அது சுவரிலிருந்து இறங்கிப் புல்லுக்குள் மறைகிற வரைக்கும் ராமர் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், தன் பட்டி ஆட்டைப் பார்த்துச் சொல்கிற அதே குரலில், மெலிஞ்சிருக்கு பாய் என்றான். தன் வீட்டு வாசலில் இறங்கினதும் நேரே போய்ப் பட்டிக் கதவின் கொக்கியை இழுத்து இழுத்துப் பார்த்தான்.

பார்சலில் அம்மா இடியாப்ப மாவும், நார்த்தங்காய் ஊறுகாயும், நோன்புக் கஞ்சிக்கு வறுத்த பொடியும் வைத்திருக்கிறாள். கஞ்சிப் பொடியை ஈரக் கரண்டி போடாமல் எடுக்கச் சொன்னாள். காட்டில் அலைகிற நாளில் உடம்பு தாங்காது என்றால் நோன்பை விட்டுப் பிறகு பிடித்துக்கொள், அல்லாஹ் கருணையாளன். நீ தொட்டு வைத்தியம் பார்க்கிற ஜீவன்களையும், அவற்றுக்குப் பக்கத்தில் குடியிருக்கிற மக்களையும், இடையில் நிற்கிற உன்னையும் அவன் தன் காவலில் வைத்திருக்கட்டும். பெருநாளைக்கு லீவு கிடைக்குமா என்று மட்டும் சீக்கிரம் சொல், அம்மா இப்போதே உன் கட்டிலில் விரிப்பு மாற்றிவிட்டாள்.

துஆவுடன்,
உன் அத்தா
கா. சௌகத் அலி